சாமந்தி வைத்த துப்பாக்கி

"மாமா...! கொலை...! மாமா...!"

மருமகள் சுமலதாவின் அலறல் முத்தியால்பேட்டை வீட்டு ஓடுகளை ஒருமுறை தூக்கிப் போட்டது.

அதற்கு ஒரு நொடி முன்னால்தான் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. ஓலைப் பட்டாசு இல்லை. சரவெடியும் இல்லை. அடிவயிற்றில் இறங்குகிற கனத்த சத்தம்!

வாசல் தூணில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த சக்கரபாணி நிமிர்ந்தார்.

எழுபது வயதிலும் நிமிர்வதற்கு அவருக்குச் சிரமம் கிடையாது. ஓய்வு பெற்ற சர்வேயர். அளவுகோலை முழுங்கியவர் என்று தெருவில் பேச்சு.

ஓடவில்லை. ஓடுவது அவர் குடும்ப வழக்கமில்லை. நடந்தார்... வேகமாக!

கூடம் முழுக்கப் புகை.

சரஸ்வதி படத்தின் முன்னால் ஆயுத பூஜைக்குச் சாமான்கள் வரிசையாக இருந்தன. அரிவாள்மனை. தையல் மெஷின். சுமலதாவின் லேப்டாப். ஸ்கூட்டர் சாவி. நடுவில், சிவப்புப் பட்டுத் துணியின் மேல், சக்கரபாணியின் உயிர்கள் ஏழு.

ஏழும் பிரிட்டிஷ் கைத்துப்பாக்கிகள். விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு.

இல்லை... துணியின் மேல் ஆறுதான் இருந்தன.

ஏழாவது தரையில் கிடந்தது.

அதன் பக்கத்தில் ஓர் ஆள் கிடந்தான்!

மல்லாந்து. கைகளை விரித்து. மார்பெல்லாம் சிவப்பு!

விக்ரம்! சென்னையிலிருந்து காலையில் வந்து இறங்கிய பழம்பொருள் வியாபாரி!

"போயிட்டாரு மாமா..." சுமலதா நடுங்கினாள்.

"கத்தாதம்மா. சாவு வூட்லகூட இப்படிக் கத்த மாட்டாங்க."

"இப்ப இதுதான மாமா சாவு வூடு?"

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் சக்கரபாணியின் மனைவி செல்வாம்பாள். குனிந்தாள். விக்ரமின் மார்பில் ஒரு விரலைத் தோய்த்தாள். நாக்கில் வைத்தாள்!

"அத்தை...!" சுமலதாவுக்குக் கண் இருட்டியது.

"பூசணிக்கா," என்றாள் செல்வாம்பாள். "திருஷ்டி சுத்தி ஒடைக்கறதுக்குக் குங்குமம் அடைச்சி வெச்சிருந்தேன். மேலயே வுழுந்து நசுக்கிட்டான் பாவி!"

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

எழுந்து உட்கார்ந்தது. தண்ணீர் கேட்கவில்லை. சிரித்தது!

"சார்... உங்க துப்பாக்கி சுட்டுடுச்சு சார்!"

சக்கரபாணி தரையில் கிடந்த ஏழாவது துப்பாக்கியைப் பார்த்தார்.

அந்த ஏழாவது துப்பாக்கி சாதாரணமானதல்ல. பாட்டனுக்குப் பாட்டன் காத்தவராயன், எல்லைச் சாவடியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. இங்கிலீஷ்காரன் அதிகாரம் செல்லாத ஃபிரெஞ்சு மண்ணில் கால் வைத்ததும் திரும்பி நின்று அந்த அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டாராம் காத்தவராயன்!

ஊரே ஃபிரெஞ்சு நாற்காலியும் ஃபிரெஞ்சு விளக்கும் சேர்த்தபோது, சக்கரபாணி மட்டும் ஏலம் ஏலமாக அலைந்து இங்கிலீஷ் துப்பாக்கி சேர்த்ததற்கு அதுதான் காரணம். கேட்டவர்களிடம், "தோத்தவன் ஆயுதம்தான்யா வூட்ல இருக்கணும்" என்பார்.

குழலில் கிரீடமும் குறுக்கே இரண்டு செங்கோலும் பொறித்த பர்மிங்காம் முத்திரை. பின்னால் சுத்தியல் போல ஒரு குதிரை. அது விழுகிற இடத்தில் நிப்பிள் என்கிற சின்ன ஓட்டைக் குழாய். நிப்பிளின் தலையில் ஒரு செம்புத் தொப்பியை மாட்டி விசையை இழுத்தால், குதிரை விழும். தொப்பி வெடிக்கும். பொறி ஓட்டை வழியாக உள்ளே இருக்கிற வெடிமருந்துக்குப் பாயும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் அந்த வித்தை நடக்கக் கூடாது!

சுட முடியாத பழைய துப்பாக்கி என்றால் அது அலங்காரப் பொருள். சுட்டுவிட்டால் ஆயுதம். லைசன்ஸ் இல்லாத ஆயுதம்! "என் வீட்டுத் துப்பாக்கி எதுவும் சுடாது" என்று அதிகாரிகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார் சக்கரபாணி. அந்த வாக்கை நம்பித்தான் ஏழையும் வீட்டில் விட்டு வைத்திருக்கிறார்கள்.

"நான் என்ன சார் பண்ணேன்? சும்மா கையில எடுத்துப் பாத்தேன். வெடிச்சுடுச்சு." விக்ரம் பூசணி விதையைத் தலையிலிருந்து எடுத்துப் போட்டான். "இது வெளியில தெரிஞ்சா ஏழும் போயிடும். பேப்பர்ல உங்க போட்டோவும் வரும்."

"இன்னா சொல்ல வர?"

"காத்தவராயன் துப்பாக்கியை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க. சும்மா இல்ல, விலைக்குத்தான். மத்த ஆறும் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எதையும் பாக்கல... எதையும் கேக்கல!"

போன வருடமே கேட்டான். முடியாது என்றார். சித்திரையில் கேட்டான். காபி கொடுத்து அனுப்பினார். இன்று பூஜை பார்க்க வந்தேன் என்று மல்லிகைப்பூவோடு வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"சுமலதா..."

"மாமா?"

"போலீசுக்குப் போன் போடும்மா."

விக்ரமின் சிரிப்பு பாதியில் நின்றது. "சார், யோசிச்சுப் பேசுங்க. போறது உங்க மானம்!"

"மெரட்டனவன்கிட்ட கைய நீட்டிட்டா அப்புறம் போறதுக்கு மானம்னு ஒண்ணு இருக்குமாடா?"

"போன் போட வேணாம் அண்ணே!"

குரல் ஜன்னலுக்கு வெளியே மதில்மேலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு மதிவாணன். ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற சொல்தா. தினமும் காலையில் சக்கரபாணியோடு பெத்தாங்க் என்கிற ஃபிரெஞ்சு விளையாட்டில் இரும்புக் குண்டு உருட்டப் போகிறவர்.

"நானே போட்டுட்டேன் அண்ணே! ஒரு சொல்தாவுக்குச் சத்தம் தெரியாதா? பிஸ்தோலே! சுத்தமான கைத்துப்பாக்கி! யாரை அண்ணே போட்ட?"

"பூசணிக்காயப் போட்டேன். எறங்குய்யா மதிலவுட்டு!"

"மெர்சி, நன்றி அண்ணே. சாட்சி வேணும்னா கூப்புடு!"

அதாவது... எதிர்த்தரப்புக்கு இலவசமாக ஒரு சாட்சி!

செல்வாம்பாள் கரண்டியை உயர்த்தினாள். "பஞ்சாயத்தெல்லாம் வெளியில வெச்சுக்குங்க. எடம் பூரா ஒரே செவப்பு. நான் தொடைக்கணும்."

"எதையும் தொடாத. போலீசு வந்து பாக்கட்டும்."

"சாமி எடத்துல பூசணிக்கா நாறட்டுமா? நல்லா இருக்குதுங்க நாயம்! தம்பி, சட்டையக் கழட்டுங்க. கறை புடிச்சுக்கும். கைக்குட்டையும் குடுங்க, அலசித் தரேன்."

விக்ரம் தயங்கினான். செல்வாம்பாளின் கை நீண்டபடியே இருந்தது. கொடுத்தான். பதிலுக்குச் சக்கரபாணியின் பழைய சட்டை ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டதும் அவன்கூடக் கொஞ்சம் யோக்கியன் போலத் தெரிந்தான்.

ஆண்கள் வாசலுக்கும், சுமலதா சுண்டல் அடுப்புக்கும் துரத்தப்பட்டார்கள். கூடத்துக் கதவு சாத்திக்கொண்டது.

ஜீப் வந்து நின்றது.

இறங்கிய இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வியின் நெற்றியில் பெரிய குங்குமம். ஜீப்பின் முகத்தில் அதைவிடப் பெரிய குங்குமம். பம்பரில் வாழைக்கன்று.

"சக்கரத்துக்கு வாங்கன எலுமிச்சம்பழத்தை இன்னும் வெக்கவே இல்ல, ஜீப்புலயே கெடக்குது. அதுக்குள்ள கூப்புட்டுட்டீங்க." தொப்பியைச் சரிசெய்தார். "பாடி எங்க?"

"நான்தான் மேடம்," என்றான் விக்ரம்.

"நல்லாத்தான இருக்கீங்க?"

"மயிரிழையில தப்பிச்சேன் மேடம். இவர் வீட்டுத் துப்பாக்கி வேலை செய்யுது! அதைத்தான் சொல்றேன். நான் எடுத்துப் பாத்தப்போ அதுவா சுட்டுடுச்சு! இப்பவும் தரையிலதான் கெடக்குது!"

சக்கரபாணி புகையைப் பார்த்திருந்தார். சத்தத்தைக் கேட்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாது. உண்மை சொல்ல நாக்கு வரவில்லை.

கூடத்துக் கதவைக் கை காட்டினார்.

"உள்ள போய்ப் பாக்கலாம் வாங்கய்யா."

கூடம் பளிச்சென்று இருந்தது. சாம்பிராணி மணத்தது. பட்டுத் துணியின் மேல் துப்பாக்கிகள்... ஏழு!

"தரையில கெடந்ததுன்னு சொன்னீங்க?"

"நான்தான் எடுத்து வெச்சேன்." செல்வாம்பாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "சாமிக்குப் படைச்சதைத் தரையில போட்டு வெக்கற பழக்கம் இந்த வூட்ல கெடையாது."

"சரிதாம்மா." இன்ஸ்பெக்டர் குனிந்தார். "இதுல எது சுட்டுச்சு?"

"அதோ! நடுவுல இருக்கறது!" விக்ரம் பாய்ந்தான்.

"தள்ளி நில்லுங்க. ஐயா, நீங்க எடுத்துக் காட்டுங்க."

சக்கரபாணி காத்தவராயன் துப்பாக்கியை இரண்டு கைகளாலும் தூக்கினார்.

தூக்கியவர்... அப்படியே நின்றுவிட்டார்!

நிப்பிளின் தலையில் சந்தனம். நேற்று மாலை அவர் கையாலேயே வைத்த மாதிரியே, வட்டமாக, கெட்டியாக, காய்ந்து போய். அதன்மேல் குங்குமப் பொட்டு. குதிரை அதன்மேல் சாதுவாகச் சாய்ந்திருந்தது. குழலின் வாயில் ஒரு மஞ்சள் சாமந்தி, மற்ற ஆறிலும் செருகியிருந்ததைப் போலவே.

"என்னய்யா?"

கண்ணால் கண்டதைச் சொன்னார். "அம்மா, பொறி உள்ள போற வழி இதுதான். இது சந்தனத்தால அடைபட்டிருக்குது. சுட்டிருந்தா சந்தனம் செதறியிருக்கணும். இதுல... ஒரு கீறல்கூட இல்ல."

"அதைவுடுங்க," என்றார் செந்தமிழ்ச்செல்வி. "சுட்டிருந்தா இந்தப் பூ எங்க போயிருக்கும்?"

"பூ பறந்துச்சு மேடம்!" விக்ரம் கத்தினான். "என் காது பக்கத்துல பறந்துச்சு!"

"பறந்த பூ திரும்பி வந்து உக்காந்துச்சா? புறாவா அது?"

"அப்ப அந்தச் சத்தம்? மதிவாணன் சார் கேட்டாரே!"

மதிலுக்கு மேலே தலை எழும்பியது. "பிஸ்தோலே!"

"போன தீபாவளிக்கு எதிர்வூட்டு குக்கர் வெடிச்சதைக் குண்டுன்னு போன் போட்டது நீங்கதான சார்?"

தலை இறங்கிக்கொண்டது.

"வெடியைக் கொளுத்திப் போட்டுட்டு ஒரு பெரிய மனுசனை மெரட்டியிருக்கீங்க. அப்படித்தான மிஸ்டர் விக்ரம்?"

விக்ரமின் முகம் பூசணிக்காய் இல்லாமலேயே சிவந்தது. ஊரெல்லாம் பொய் விற்றவன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உண்மை சொல்கிறான்... யாரும் நம்பவில்லை! அந்த அவமானத்தை அவனால் தாங்க முடியவில்லை.

"வெடியா? நானா? சுட்டுச்சு மேடம்! சந்தனத்தை நான்தான் கைக்குட்டையால தொடைச்சேன்! நிப்பிள்ல தொப்பியை இந்தக் கையால மாட்டினேன்! விசையை நான்தான் இழுத்தேன்!"

இன்ஸ்பெக்டரோடு வந்த கான்ஸ்டபிள் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அதுவா சுட்டுச்சுன்னு சொன்னீங்க," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "கைக்குட்டை எங்க?"

"அம்மா... துவைக்க வாங்கிட்டாங்க."

"தொப்பி?"

விக்ரமின் கை, அவன் மூளையைக் கேட்காமல், பேன்ட் பாக்கெட்டைத் தொட்டது.

கான்ஸ்டபிள் அதே பாக்கெட்டிலிருந்து வட்டமான தகர டப்பா ஒன்றை எடுத்தார். திறந்தால்... பளபளவென்று செம்புத் தொப்பிகள்!

"லைசன்ஸ் இருக்கா?"

"மேடம், ஒரு சின்ன 'டப்' கேக்கும், சார் பயந்துடுவாருன்னுதான்... தொப்பி மட்டும்தான் வெச்சேன்! மருந்து நான் போடல! சத்தியமா மருந்து நான் போடல!"

"சுடாத துப்பாக்கிக்கு எதுக்குய்யா மருந்து கணக்கு? ஏறு ஜீப்புல!"

வாசலில் ஜீப் கிளம்பியது. கான்ஸ்டபிள் சக்கரங்களுக்கு அடியில் வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களும் நசுங்கின.

சக்கரபாணி நாற்காலியில் உட்கார்ந்தார். மானம் பிழைத்தது. ஏழும் பிழைத்தன. மதிவாணன் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

ஆனால்...

வெறும் தொப்பி வெடித்தால் 'டப்'தான் கேட்கும். அந்த அயோக்கியன் சொன்னது சரி. கூடம் நிறையப் புகை வராது. ஓடு அதிராது. வியாபாரி தூக்கியடிக்கப்பட்டுப் பூசணிக்காய்மேல் விழ மாட்டான்.

அப்படியானால்... மருந்து யார் போட்டது?

"அத்தை!" உள்ளேயிருந்து சுமலதாவின் குரல். இன்று அவளுக்கு அலறுகிற நாள். "என் ஹேர் ட்ரையரை யாரு எடுத்தா? பூரா சந்தனம் ஒட்டியிருக்குது!"

சக்கரபாணி மெதுவாகத் திரும்பினார்.

செல்வாம்பாள் மிகுந்த அக்கறையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வா..."

"சுண்டல் அடுப்புல இருக்குது. நான் போறேன்."

"நில்லு. சந்தனம் நீ வெச்சியா?"

"ஆமா. காய வெக்க நேரமில்ல. ஈரத்தோட இருந்தா அந்த இன்ஸ்பெக்டர் பொண்ணு கண்டுபுடிச்சுடாதா? அதான் ட்ரையர்."

"பூ?"

"கொல்லையில பறிச்சேன்."

"அவன் மானங்கெட்டவன்தான். ஆனா மருந்து போடலன்னு சத்தியம் பண்றான். நம்ப வூட்ல மருந்துன்ற சாமானே கெடையாது. அப்புறம் எப்படி செல்வா?"

செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இனிமேல் ஒளிப்பதில் பயனில்லை என்று முடிவெடுத்த பெண்ணின் முகம்.

"பின்கட்டு மாடியில சேதராப்பட்டு நெலத்து மல்லாட்டை காயுது."

"கடலை காயுது, அதுக்கு இன்னா?"

"நீங்க பாட்டுக்குக் காலையில அந்த சொல்தாவோட குண்டு உருட்டப் போயிடறீங்க. காக்கா கூட்டம் கூட்டமா வந்து எறங்குது. குச்சிக்குப் பயப்படல. தகரத்தைத் தட்டனேன், பயப்படல. ஒரு நாளு உங்க பாட்டனுக்குப் பாட்டன் துப்பாக்கியை எடுத்தேன். தீபாவளிக்கு வாங்கன வெடியைப் பிரிச்சிப் போட்டேன். புள்ளைங்க பொட்டு வெடி இருக்குதில்ல, அதுல ஒண்ணு. அவ்ளோதான்! தெருவுல பத்து நாளுக்கு ஒரு காக்கா இல்ல!"

"நீ... சுட்டியா?"

"மூணு வருசமா சுடறேன்."

சக்கரபாணி துப்பாக்கிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து மருந்தைப் போட்டு வெச்சேன். நீங்க சீக்கிரமா வந்துட்டீங்க. அப்படியே பெட்டியில வெச்சுட்டேன். சாயந்திரம் பூஜைக்குன்னு நீங்க எடுத்துச் சந்தனம் பூசறப்போ, நான் எப்படிங்க சொல்றது?"

"காத்தவராயன் கை பட்ட துப்பாக்கி... காக்காவுக்கா?"

"அவரு ஒரு வெள்ளைக்காரனை வெரட்டனாரு. நான் நூறு காக்காவ வெரட்டியிருக்கேன். யாரு பெருசு?"

சக்கரபாணி எழுந்தார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். போனைக் கையில் எடுத்தார்.

"யாருக்கு?" செல்வாம்பாளின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு. என் வூட்டுத் துப்பாக்கி சுடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அது சுடுது. ஏழும் போனாலும் போவட்டும், பொய் சொல்லிக் காப்பாத்த மாட்டேன்."

"பேப்பர்ல என் போட்டோவும் வருமே..."

"வரட்டும். நல்ல பொடவையா கட்டிக்க."

மறுமுனையில் மணி அடித்தது.

"சொல்லுங்கய்யா," என்றார் செந்தமிழ்ச்செல்வி.

"அம்மா, அந்தத் துப்பாக்கி..."

"சுட்டுச்சு. தெரியும்."

சக்கரபாணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஆறு சாமந்தி வாடிப் போயிருந்துச்சு. ஒண்ணு மட்டும் பனித்துளியோட இருந்துச்சு. எனக்கும் கண்ணு இருக்குதுங்கய்யா. நீங்களா கூப்புடறீங்களான்னு பாத்துகிட்டிருந்தேன். கூப்புடலன்னா நாளைக்கு நானே வந்து ஏழையும் அள்ளியிருப்பேன்."

"இப்ப... என்ன செய்யணும்மா?"

"நெஜமாவே சுடாத மாதிரி செஞ்சு, ஏழையும் கொண்டாந்து காட்டுங்க. மருந்து போட்டது யாருன்னு நான் கேக்கல. ஆனா அம்மாகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ எங்கிட்ட பழைய பூவைக் காட்டச் சொல்லி!"

மறுநாள் விஜயதசமி. நல்ல காரியம் தொடங்குகிற நாள்.

தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில், பூஜை முடிந்து முதல் வேலையாக, காத்தவராயன் துப்பாக்கியின் நிப்பிள் ஓட்டையில் பித்தளை இறங்கியது. அடுத்து மற்ற ஆறிலும். இனி உலகத்தில் எந்தச் சேகரிப்பாளனும் அவற்றைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டான். முதல் சொட்டு இறங்கும்போது சக்கரபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழவில்லை. அழுவது அவர் குடும்ப வழக்கமில்லை.

ஸ்டேஷனில் காட்டினார். செந்தமிழ்ச்செல்வி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று திருப்பிக் கொடுத்தார். வாக்கு உண்மையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது செல்வாம்பாள் வாசலிலேயே காத்திருந்தாள். கையில் ஒரு மூங்கில் குச்சி!

"எதுக்கு?"

"துப்பாக்கியோட வாயை அடைச்சுட்டு வந்தது யாரு? நானா? ஏறுங்க மாடிக்கு!"

மதிவாணன் தனியாக பெத்தாங்க் விளையாடப் போனார்.

மொட்டைமாடியில், மல்லாட்டைக்கு நடுவே, மேல்துண்டு கலையாமல், குச்சியைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு நின்றார் சக்கரபாணி. முதல் காக்கா வந்தது. பின்னாலேயே பத்து. முறைத்தார். அவர் முறைத்தால் தாசில்தார்களே நகர்ந்த காலம் உண்டு. ஒரு காக்காகூட நகரவில்லை!

கீழேயிருந்து செல்வாம்பாளின் குரல் ஏறி வந்தது.

"கொஞ்சம் ஆடி அசைஞ்சு நில்லுங்க! இப்படி வெறைப்பா நின்னா சோளக்கொல்லைப் பொம்மைன்னு நெனச்சுத் தலையிலயே கூடு கட்டிடும்!"